எட்டு நிமிட நோயாளி

அன்று மாலை நாலரை மணிக்குள் ஊசிக்கு இரண்டு தடவை நெஞ்சு வலி வந்து போய்விட்டது. முதல் தடவை இடது பக்கம். இரண்டாவது தடவை நடு மார்பில், கை வரைக்கும் இழுத்துக்கொண்டு. மூன்றாவதாக என்ன நோயோடு வரலாம் என்று யோசித்தபடி முன்னறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் தையல் டேப் தொங்கியது. உதட்டில் இரண்டு குண்டூசி. அவற்றை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

"வாங்க, உக்காருங்க," என்றாள் டாக்டரம்மா. "என்ன பண்ணுது உங்களுக்கு?"

"ஒரு வாரமாவே தலை சுத்துது டாக்டர்." ஊசி நெற்றியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தாள். "மொதல்ல சாதாரணம்னுதான் நெனச்சேன். அப்புறம் பாத்தா..."

"நிக்கும்போது சுத்துதா, படுத்தா சுத்துதா? வாந்தி உண்டா? காது அடைக்குதா?"

ஊசி நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். "ஆறு."

"என்ன ஆறு?"

"நான் பேச ஆரம்பிச்சு ஆறு எண்ணுறதுக்குள்ள நீங்க ஆரம்பிச்சுட்டீங்க. நேத்து பத்து வரைக்கும் தாக்குப் பிடிச்சீங்களே அண்ணி. முன்னேற வேணாம், இருக்கிற எடத்துலயாவது இருக்கலாம்ல?"

சமையலறை வாசலில் செல்போனை வைத்துக்கொண்டு நேரம் பார்த்த வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் மிச்சச் சிரிப்பைத் தேநீரோடு சேர்த்து விழுங்கினார்.

"இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"ஆறே முக்கால் நிமிஷம்."

"அப்ப பேச்சைக் கொறச்சுட்டு ஒழுங்காச் சுத்து," என்றாள் டாக்டரம்மா நாத்தனாரிடம்.

ஊசி வீட்டுக்காரரின் தங்கை. சின்ன வயதில் அண்ணன் வைத்த பட்டப்பெயர் அது. அப்போது நாக்குக்காக வைத்தது. பிற்பாடு தையல் வேலைக்குப் போனதும் பெயர் தொழிலோடும் ஒட்டிக்கொண்டது. புருஷன் போன பிறகு ஒரு தையல் மெஷின், இரண்டு பெட்டி, ஓர் இஸ்திரிப் பலகை இவற்றோடு அண்ணன் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தாள். ஆயிற்று இரண்டு வருஷம். கால்சட்டை நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது என்று வேலை ஓயாது. தெருவில் யார் பெருத்தார்கள், யார் இளைத்தார்கள் என்பது டாக்டரம்மாவுக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

டாக்டரம்மா என்று தெருவே கூப்பிட்டாலும் இந்த ஊரில் அவள் இன்னும் டாக்டர் ஆகவில்லை. வேறோர் இடத்தில் ஒன்பது வருஷம் வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்தவள். ஒரு காலையில் நூற்றிருபது பேர். வரிசை கதவைத் தாண்டி மரத்தடி வரைக்கும் நிற்கும். நாக்கை நீட்டு, மூச்சை இழு, எத்தனை நாளாய், இந்தா சீட்டு, அடுத்தது. ஆளுக்கு இரண்டு நிமிஷம் கொடுத்தால் அது தாராளம். இங்கே வந்தபோது அந்த ஒன்பது வருஷம் செல்லாக் காசாகிவிட்டது. எழுத்துத் தேர்வு ஒன்று, நோயாளியைப் பார்க்கும் தேர்வு ஒன்று, இரண்டிலும் தேற வேண்டும் என்றார்கள். எழுத்துத் தேர்வை ஒரே மூச்சில் தாண்டினாள். மற்றதில்தான் இரண்டு தடவை விழுந்தாள்.

அந்தத் தேர்வில் பன்னிரண்டு அறைகள். ஒவ்வொன்றிலும் நோயாளி போல நடிக்கிற ஒருவர் உட்கார்ந்திருப்பார். மூலையில் மதிப்பெண் போடுகிறவர். கதவில் ஒட்டிய தாளைப் படிக்க இரண்டு நிமிஷம், உள்ளே எட்டு நிமிஷம், மணி அடித்தால் அடுத்த அறை. போன தடவை வந்த முடிவோடு மூன்று வரி எழுதி அனுப்பியிருந்தார்கள். நோயாளியைப் பேச விடுவதில்லை. கெட்ட செய்தியைத் தெளிவாகச் சொல்லவில்லை. எதிரில் இருப்பவர் அமைதியானால் அந்த அமைதியைப் பேச்சால் அடைக்கிறார்.

"இதுல தப்பென்ன இருக்கு?" என்று அன்றைக்கு அவள் கேட்டாள். "ஒருத்தர் மொகம் வாடிப் போய் உக்காந்திருந்தா நாலு வார்த்தை ஆறுதலாப் பேசாம கல்லு மாதிரி பாத்துட்டா இருக்கறது?"

மூன்றாவது தடவையும் விழுந்தால் நான்கு வருஷத்துக்கு எழுத முடியாது. அவளுக்கு நாற்பத்தொன்று. தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

அதுவரைக்கும் வயிற்றுப்பாட்டுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை. காலை ஆறு முதல் இரண்டு வரை. உலர்த்தும் டிரம்மிலிருந்து கொதிக்கக் கொதிக்க விரிப்புகள் வந்து விழும். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து உதறி, நீவி, சூடான உருளைக்குள் செலுத்த வேண்டும். மறுபக்கம் வருகிறதை மடித்துப் பத்துப் பத்தாக அடுக்க வேண்டும். எந்நேரமும் மூக்கில் பஞ்சு. பேசினால் கேட்காது, கத்த வேண்டும். கறையைப் பார்த்தே எந்த வார்டு விரிப்பு என்று சொல்லிவிடுவாள். அவளோடு ஜோடி போட்டு மடிக்கிற பருத்த பெண்மணி, "இந்தா டாக்டரம்மா, இது யாரு, ஆபரேஷனா பிரசவமா?" என்று கேட்டுச் சிரிப்பாள். டாக்டரம்மாவும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே அடுத்த விரிப்பை இழுக்கிற வேகத்தில் ஜோடிக்காரியின் கை முனையை விட்டுவிடும்.

"மெதுவா இழு தாயே. துணி எங்கயும் ஓடிப் போகாது."

மெதுவாக என்பது அவளுக்கு வராது. உட்கார்ந்தால் கால் ஆடும். கையில் பேனா இருந்தால் அதன் தலையை டக் டக்கென்று அழுத்திக்கொண்டே இருப்பாள். ஒரு வாரமாகக் காற்று வேறு. புழுதியை வாரி ஜன்னலில் அடிக்கிற வறண்ட காற்று. கதவுகள் தானாகத் திறந்து தானாக மூடின. சாப்பிடும்போது பாதியில் எழுந்து போய்க் கதவைச் சாத்துவாள். திரும்பி வரும்போது எதற்கு எழுந்தோம் என்பது மறந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு நிற்பாள்.

ஊசி எல்லாக் கேஸும் நடித்தாள். குழந்தைக்கு மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று சண்டைக்கு வரும் தாயாக நடித்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து கதவைத் தட்டினார். குடியை விட முடியாத ஆளாக நடித்தபோது அண்ணனுக்கே முகம் தொங்கிப் போனது. ஆனால் கெட்ட செய்தி சொல்லும் கேஸ் என்று எடுத்தால் மட்டும் அவளுக்கு அவசரமாகத் தைத்துக் கொடுக்க ஏதாவது வந்துவிடும். அதை ஒரு பொருட்டாக யாரும் பேசவில்லை. தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தபோது ஒரு மாலை அந்தக் கேஸுக்கு அண்ணன் உட்கார்ந்தார்.

ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்டுகிறவர் அவர். விடியலுக்கு முன் கிளம்பி, கடை கடையாக ரொட்டி இறக்கிவிட்டு வருவார். நாற்காலியில் உட்கார்ந்ததும் கண் சொருகும்.

"உங்க மனைவியோட பரிசோதனை முடிவு வந்திருக்கு," என்றாள் டாக்டரம்மா. "நாங்க எதிர்பார்த்த மாதிரி இல்ல. சில மாற்றங்கள் தெரியுது. அது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும்னு சொல்ல முடியாது. இப்ப எவ்வளவோ வசதி வந்திருக்கு..."

"சரிங்க டாக்டர்."

"என்ன சரி? உங்களுக்கு என்ன புரிஞ்சுது?"

"ஏதோ மாற்றம்னீங்க. நல்லதுதானே? ரொம்ப நன்றிங்க." எழுந்து கும்பிட்டுவிட்டுப் போகப் பார்த்தார்.

"உக்காருங்க! உங்க பொண்டாட்டிக்குப் புத்துநோய்னு சொல்லிட்டு இருக்கேன்!"

"எங்கடி சொன்னே?" என்றார் அவர், நிஜமாகவே குழம்பிப் போய்.

தையல் மெஷின் நின்றது. இவ்வளவு நேரமும் முதுகைக் காட்டிக்கொண்டு தைத்த ஊசி நூலை அறுத்துவிட்டுத் திரும்பினாள்.

"அண்ணா, நீ போய்க் கொஞ்ச நேரம் படு. நான் உக்கார்றேன்."

"நீயா?"

"ஆனா கேஸை நான்தான் சொல்வேன். புத்தகத்துல இருக்கறது வேணாம்."

அண்ணன் தயங்கி நின்றார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவளோ ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள். செல்போனில் எட்டு நிமிஷம் வைத்து மேஜை மேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

ஊசி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை நெற்றியையும் பிடிக்கவில்லை, நெஞ்சையும் பிடிக்கவில்லை.

"எம் புருஷனுக்கு நாப்பத்திநாலு வயசு டாக்டர். எலக்ட்ரீஷியன். ரெண்டு மாசமா வயித்து வலி. உடம்பெல்லாம் மஞ்சளாப் போச்சு. வார்டுல சேத்திருக்கோம். ஸ்கேன் எடுத்தாங்க. அதுல என்ன வந்துச்சுன்னு கேக்க வந்திருக்கேன்."

டாக்டரம்மாவின் கையில் பேனா ஒரு தடவை டக்கென்றது. அதோடு நின்றது.

"ஊசி."

"நான் பேஷண்டோட சம்சாரம். சொல்லுங்க டாக்டர்."

"இந்தக் கேஸ் வேணாமே."

"வேற கேஸ் எனக்குத் தெரியாது. நேரம் ஓடுது."

டாக்டரம்மா நாற்காலியை முன்னால் நகர்த்தினாள். பின்னால் நகர்த்தினாள். காற்றில் ஜன்னல் கதவு அடித்தது. எழுந்து போய்ச் சாத்திவிட்டு வரலாம் என்று பாதி எழுந்தவள் எதிரில் இருந்த கண்ணைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஸ்கேன் பாத்தோம்மா. கணையத்துல ஒரு கட்டி இருக்கு. இப்ப நல்ல மருந்தெல்லாம்... மனசைத் தளர விடக் கூடாது. சாப்பாடு முக்கியம். தெம்பு இருந்தாத்தான்..."

"இதைத்தான் சொன்னீங்க," என்றாள் ஊசி. "அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க. சாப்பாடு முக்கியம்னு."

டாக்டரம்மா வாயை மூடினாள். இரண்டு பேரும் செல்போனைப் பார்த்தார்கள். நாலு நிமிஷம் பதினெட்டு வினாடி.

"அந்தக் கட்டி ஈரலுக்கும் பரவியிருக்கு," என்றாள் டாக்டரம்மா. "ஆபரேஷன் பண்ண முடியாது. மருந்தாலயும் தீராது. ஒரு மாசம் இருந்தா அதிகம்."

ஊசி அசையவில்லை. டாக்டரம்மாவுக்கு நாக்கு துடித்தது. ஏதாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"அவர் போறதுக்கு மூணு வாரம் முன்னாடி. ரிப்போர்ட்டை உங்க அண்ணன் போட்டோ எடுத்துட்டு வந்து காட்டினாரு."

"அண்ணனுக்குச் சொன்னீங்க."

"சொன்னேன்."

"எனக்கு?"

"நீ தாங்க மாட்டேன்னு நெனச்சோம்."

"நெனச்சோம் இல்ல. நீங்க. டாக்டர் நீங்கதானே? அண்ணனுக்கு என்ன தெரியும், ரொட்டி எறக்கத் தெரியும்." அவள் குரல் உயரவில்லை. துணிக்கு அளவு சொல்கிற குரலிலேயே சொன்னாள். "கடைசி நாளன்னிக்கு வார்டு டாக்டர் நடந்துகிட்டே சொல்லிட்டுப் போனாரு. உங்களுக்குத் தெரியுமே, மூணு வாரம் முன்னாடியே உங்க வீட்டுல சொல்லியாச்சேன்னாரு. நான் யாரு வீட்டுலன்னு கேட்டுட்டு நின்னேன். மூணு வாரமும் நான் என்ன பண்ணேன் தெரியுமா? அந்த மனுஷனை அதட்டினேன். சூப்பைத் தட்டி விட்டா அதட்டினேன். ரொட்டியைத் துப்பினா அதட்டினேன். சாப்பிடாம என்னத்தைப் பொழைப்பேன்னு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ, அங்க வந்து சாப்பிடறேன்னு தெனம் கேட்டாரு. கொழந்தை மாதிரி அடம் பிடிக்காதேன்னேன். சரியாகட்டும், நடந்தே போலாம்னேன்."

செல்போன் மணி அடித்தது. யாரும் அதை நிறுத்தவில்லை. அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது.

"நீ அழறதைப் பாக்க எனக்குத் தெம்பில்ல," என்றாள் டாக்டரம்மா. "நீ தாங்க மாட்டேங்கறதெல்லாம் சாக்கு. நான்தான் பயந்துட்டேன். அதான் நிஜம்."

ஊசி எழுந்தாள். சட்டையில் குத்தியிருந்த குண்டூசிகளை எடுத்து டப்பாவில் போட்டாள்.

"எட்டு நிமிஷம் முடிஞ்சுது அண்ணி."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் தலை சுற்றவில்லை, நெஞ்சு வலிக்கவில்லை. ஊசி தைத்தாள். நேரத்துக்குச் சோறு ஆக்கினாள். மூன்று தட்டு வைத்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேட்காததற்கு ஒன்றும் சொல்லவில்லை. அண்ணிக்கு அவள் திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. சலவைக் கூடத்தில் விரிப்பு உருளைக்குள் கோணலாகப் போய்ச் சுருட்டிக்கொண்டது, ஒரு நாளில் இரண்டு தடவை. மேற்பார்வைக்காரர் மெஷினை நிறுத்தி வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

"நான்தானே சொல்ல வேணாம்னேன்?" என்றார் வீட்டுக்காரர், வண்டியைக் கழுவிக்கொண்டே. "அவகிட்ட நான் பேசறேன்."

"நீங்க பேச வேணாம். நீங்க வேணாம்னு சொன்னீங்க. சரின்னு சொன்னது நான். எனக்கு வசதியா இருந்துது, அதான் சரின்னேன்."

"பரீட்சை முடியட்டுமே. இப்ப எதுக்கு மனசைப் போட்டு..."

"அப்பவும் ஏதோ ஒண்ணு முடியட்டும்னுதான் இருந்தோம்," என்றாள்.

அவர் வாளித் தண்ணீரை ஏற்கெனவே கழுவிய டயரிலேயே ஊற்றினார். அன்று மாலை முன்னறையில் தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்தார். என்ன பேசினாரோ தெரியாது. வரும்போது கண் சிவந்திருந்தது. "ஒண்ணும் சொல்லல," என்றார். "ஒரு பட்டனைக் காட்டி, அண்ணா, உன் சட்டையில இது தொங்குதுன்னா. அவ்வளவுதான்."

தேர்வன்று காலை காற்று நின்று தூறல் போட்டது. டாக்டரம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே போனாள். அடையாள அட்டையை எடுத்து வந்தாள். மறுபடி உள்ளே போய், ஏற்கெனவே பையில் இருந்த அட்டையைத் தேடினாள். ஊசி மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"பேனாவைக் கையில வச்சுக்காதீங்க."

ஒன்பது நாளில் அண்ணியிடம் அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு அது. டாக்டரம்மா சரி என்று தலையாட்டினாள். தலையாட்டியது ஊசிக்குத் தெரிந்திருக்காது.

முதல் ஆறு அறைகள் எப்படிப் போயின என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. ஓர் அறையில் கை கழுவ மறந்து பாதியில் ஓடிப் போய்க் கழுவினாள். இன்னோர் அறையில் மூட்டு வலிக்காரரின் கதையைத் தன்னை அறியாமல் இரண்டு தடவை வெட்டினாள். ஏழாவது கதவில் ஒட்டியிருந்த தாளை இரண்டு தடவை படித்தாள். நோயாளிக்குத் தீராத நுரையீரல் புற்றுநோய். அவருடைய மகன் உங்களைப் பார்க்க வந்திருக்கிறார். அப்பா உங்களிடம் ஏற்கெனவே, எதுவானாலும் எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். மகனிடம் பேசுங்கள்.

உள்ளே முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். நன்றாக நடித்தான்.

"டாக்டர், ஒரே ஒரு உதவி. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவர் தாங்க மாட்டாரு."

அவளும் சொன்ன அதே சொற்கள். பழைய டாக்டரம்மாவாக இருந்தால் சட்டம், நோயாளியின் உரிமை என்று புத்தகத்தை ஒப்பித்திருப்பாள். இப்போது ஒன்றும் வரவில்லை. கையில் பேனாவும் இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். மூலையில் இருந்தவர் நாற்காலியில் அசைந்தார். கடைசியில் பையனே பேசினான்.

"எனக்கும்... எப்படிச் சொல்றதுன்னு தெரியல டாக்டர்."

"பயமா இருக்கு," என்றாள் அவள்.

"ஆமா."

"அவர் தாங்குவாரா மாட்டாரான்னு நமக்குத் தெரியாது. நம்மால தாங்க முடியலங்கறது மட்டும்தான் தெரியும்." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பா இப்ப ஏதாவது கேட்டுட்டு இருக்காரா? சரியானதும் பாத்துக்கலாம்னு நீங்க தள்ளிப் போடறது ஏதாவது இருக்கா?"

இந்தக் கேள்விக்கு அவனிடம் எழுதிக் கொடுத்த பதில் இல்லை போலும். திணறினான். பிறகு, "அக்காவைப் பாக்கணும்ங்கறாரு," என்றான். அதைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். அப்பாவுக்குத் தெரியாவிட்டால் அக்காவை எதற்கு வரச் சொல்கிறோம் என்பதும் தெரியாது, நீங்களும் பக்கத்தில் இருங்கள், நான் சொல்கிறேன் என்கிற இடத்துக்கு வந்தபோது மணி அடித்தது. இன்னும் நாலைந்து விஷயம் சொல்லியிருக்க வேண்டும். வெளியே வந்து சுவரில் சாய்ந்தாள். இதுவும் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

முடிவு வர ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரத்தில் ஊசி கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்திருந்தாள். தெருக்காரர்களின் இடுப்பளவு, ஜிப்பின் தரம், அண்ணனின் குறட்டை என்று. அதற்கு அப்பால் போகவில்லை. டாக்டரம்மாவும் தேர்வில் என்ன கேஸ் வந்தது என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம், சலவைக் கூடத்திலிருந்து வந்து பஞ்சு ஒட்டிய தலையோடு செல்போனைத் திறந்தபோது கடிதம் வந்திருந்தது. பன்னிரண்டில் ஒன்பது அறை. தேறிவிட்டாள். கை கழுவ மறந்த அறை போயிருந்தது. மூட்டு வலிக்காரர் போயிருந்தார். ஏழாவது அறை தேறியிருந்தது.

வீட்டுக்காரர் குதித்த குதியில் அலமாரித் தட்டுகள் ஆடின. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கேக் வாங்கப் போனார். ரொட்டிக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு கேக்கைக் காசு கொடுத்து வாங்குகிற ஒரே ஆள் நான்தான் என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிக்கொண்டு போனார்.

வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். ஊசி ஒரு கோட்டின் உள் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "நல்லது அண்ணி," என்றாள். முகம் மலர்ந்துதான் சொன்னாள். பிறகு கத்திரிக்கோலை வைத்தாள்.

"இனிமே நீங்க நெஜ டாக்டர்."

"அப்படித்தான் போட்டிருக்கு."

"பரீட்சைக்கு முன்னாடி கேட்டா நீங்க ஆடிப் போயிடுவீங்கன்னு கேக்கல. அப்புறமும் கேக்கல, முடிவு வரட்டும்னு. இப்ப கேக்கலாமா?"

டாக்டரம்மா நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். "கேளு."

"வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருந்தா அவர் சாப்பிட்டிருப்பாரா?"

ஆமாம் என்று சொல்லலாம். இரண்டு வாயாவது சாப்பிட்டிருப்பார் என்று சொல்லலாம். அந்த அழகான பொய்யைச் சொல்ல அவளுக்கே ஆசையாக இருந்தது. ஆனால், கூட்டிப் போகாமல் விட்டோமே என்று அதுவும் ஊசியின் நெஞ்சில் இன்னொரு முள்ளாகத்தான் போய்க் குத்தும்.

"மாட்டாரு," என்றாள். "கட்டி அடைச்சிருந்துது. வயிறு எதையும் ஏத்துக்காது. ஆஸ்பத்திரின்னாலும் வீடுன்னாலும் முடிஞ்சிருக்காது. நீ அதட்டினதால அவர் சாப்பிடாம இல்ல. நீ கொஞ்சியிருந்தாலும் சாப்பிட்டிருக்க மாட்டாரு."

ஊசி பிரித்த துணியின் விளிம்பை விரலால் நீவினாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நீவினாள்.

"வீட்டுக்கு வந்திருக்கலாமா? வர்ற நெலமையில இருந்தாரா?"

"இருந்தாரு."

"ஆஸ்பத்திரியில இருந்ததால நாள் கூடுச்சா?"

"நாலஞ்சு நாள் கூடியிருக்கலாம். அவ்வளவுதான்." டாக்டரம்மா அதோடு நிறுத்திவிடாமல் மேலே சொன்னாள். "வலிக்கு மருந்து கொடுத்து அனுப்பியிருப்பாங்க. வீட்டுல, அவர் கட்டில்லயே போயிருப்பாரு. நான் உன்கிட்ட சொல்லியிருந்தா நீ கூட்டிட்டு வந்திருப்பே. நான் சொல்லல."

ஊசியின் கை நின்றது. கண்ணிலிருந்து வழிந்தது கோட்டுத் துணியில் விழுந்தது. வாடிக்கைக்காரர் துணியாயிற்றே என்று அதை மட்டும் தள்ளி வைத்தாள். பிறகு குனிந்து, முகத்தைத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு டாக்டரம்மா பார்க்கப் பயந்தாளே, அந்த அழுகை. தோள் குலுங்கியது. சத்தம் வந்தது. சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லவும் டாக்டரம்மாவுக்கு வாய் வரவில்லை. வந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

தெருவில் ரொட்டி வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "எங்க எல்லாரும்?" என்று வீட்டுக்காரர் வெளியிலிருந்தே கூவினார். டாக்டரம்மா பழக்கத்தில் எழப் பார்த்தாள்.

ஊசி நிமிராமலே கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காருங்க அண்ணி."

உட்கார்ந்தாள்.